வேங்கைக்கு ஒரு முகம்

ஜூன் 30, திங்கள்

நாளை போட்டி தொடங்குகிறது. ஐந்து நாள், நாளுக்கு ஓர் ஆட்டம். ஒரு பக்கம் பெனிட்டா ஜோசப். தூத்துக்குடிக்காரர், நான்கு முறை தேசியப் பெண்கள் சாம்பியன். இன்னொரு பக்கம் எங்கள் கம்பெனி எழுதிய செஸ் புரோகிராம். அதன் பெயர் வேங்கை.

வேங்கைக்குக் கை கிடையாது. அதனால் அதன் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். என் பக்கம் ஒரு சின்னத் திரை இருக்கும். வேங்கை எந்தக் காயை எங்கே வைக்கச் சொல்கிறதோ அதை நான் பலகையில் வைக்க வேண்டும். அவர் காயை நகர்த்தினால் அதைக் கணினியில் பதிய வேண்டும். திரையின் ஓரத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஏறினால் வேங்கை ஜெயிக்கிறது, இறங்கினால் தோற்கிறது. அந்த எண் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

பேசக் கூடாது. எழக் கூடாது. அவசரம் என்றால் கையைத் தூக்க வேண்டும். நடுவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, என்ன காரணம் என்று மைக்கில் சொல்வார்.

இருபது பேர் இருக்கும் கம்பெனியில் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எங்கள் முதலாளி சௌந்தரராஜன் சார் எல்லார் முன்னாலும் சொன்னார்: “கோகிலா மூஞ்சியப் பாத்தா மழை வருதா வெயில் அடிக்குதான்னு கூடத் தெரியாதுங்க. அதான் அவ.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் நினைத்தேன். வேங்கையை எழுதிய திவாகர் சார், “பாருங்க, இப்பக்கூடத் தெரியல” என்றார்.

கம்பெனி முத்திரை போட்ட சந்தன நிறக் குர்த்தா கொடுத்திருக்கிறார்கள். தோளில் கொஞ்சம் தொளதொள. பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் ஆட்டம் டிரா. ஒரு தப்பும் செய்யவில்லை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஜூலை 2, புதன்

வேங்கை ஒரு யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது. பொறி இல்லை, நிஜமாகவே முட்டாள்தனம். புரோகிராமில் ஏதோ பிழையாம். பெனிட்டா மேடம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அந்த யானையை வெட்டி ஜெயித்தார். திவாகர் சார் அரங்கின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மேடம் யோசிக்கும்போது பலகையைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறார். கூச்சமாக இருக்கிறது. நான் அவர் கைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வெட்டின காய்களை வரிசையாக நிறுத்தி, குதிரைகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைக்கிறார். இரண்டு நாளும் கறுப்பு பேண்ட், கறுப்பு டாப்ஸ். கறுப்பு அவருக்கு ராசி நிறம் என்று மைக்கில் சொன்னார்கள்.

ஜூலை 4, வெள்ளி

நேற்று டிரா. இன்று வேங்கை ஜெயித்தது. ஆளுக்கு இரண்டு புள்ளி. நாளையோடு முடியும். இரண்டு வாளி துணி துவைத்தேன்.

ஜூலை 5, சனி

வேங்கை ஜெயித்துவிட்டது. மூன்றுக்கு இரண்டு.

எனக்கு உடம்பு சரியில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மேடம் கை நீட்டினார். நான் உட்கார்ந்தபடியே கொடுத்தேன். அரங்கம் காலியாகும்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை. அப்புறம் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

குர்த்தாவை வாளியில் ஊற வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

எத்தனை நிம்மதி. மதியம்வரை தூங்கினேன். விடுதியில் ஞாயிறு பிரியாணி என்று பெயர் வைத்துப் போடும் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

திருப்பூரிலிருந்து அப்பா பேசினார். பேப்பரில் வந்த படத்தில் மேடத்துக்கு எதிரே நான் இருக்கிறேன். “லேமினேசன் பண்ணிட்டேன் கண்ணு. டெம்போல கண்ணாடிக்குப் பக்கத்துல மாட்டிருக்கேன். போலீஸ்காரர் நிறுத்துனா அதத்தான் மொதல்ல காட்றது” என்றார். பின்னால் அம்மா, “புள்ள எளச்சுப் போயிருக்கா, அதப் பாக்கல” என்று சத்தம் போட்டாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவள். எதிலும் முதலில் குறைதான் கண்ணில் படும்.

இந்த மாதக் கடைசியில் என் ஆறு மாதப் பயிற்சி முடிகிறது. நிரந்தர உத்தரவு வரும் என்று சார் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 9, புதன்

பேப்பரில் பெனிட்டா மேடத்தின் பேட்டி வந்திருக்கிறது.

கடைசி ஆட்டத்தில் வேங்கை ஒரு குதிரையை வெட்டக் கொடுத்தது. இரண்டாம் ஆட்டம் மாதிரிப் பிழையா, பொறியா என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாராம். நான் திரையைப் பார்த்ததும் என் முகம் சுருங்கிப்போனதாம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேனாம். எண் இறங்கிவிட்டது, வேங்கை தப்பு செய்துவிட்டது என்று நினைத்துக் குதிரையை வெட்டினாராம். அது பொறி. நான்கு நகர்வில் அவர் ராஜா மாட்டிக்கொண்டது.

“நான்கு நாள் கல் மாதிரி இருந்த பெண் அந்த ஒரு நொடியில் மட்டும் எப்படி மாறுவாள்? நடிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து கை கொடுக்கும் மரியாதைகூட அவளுக்கு இல்லை. எனக்கு மறுபோட்டி வேண்டும்.”

மூன்று தடவை படித்தேன். முகம் சுருங்கியது உண்மைதான். அந்த நேரம் திரையில் எண் என்ன இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை.

அப்பா இன்று பேசவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சார் அறைக்குக் கூப்பிட்டார். திவாகர் சாரும் இருந்தார்.

“ஏம்மா, அன்னைக்கு என்னதான் ஆச்சு?”

“தலைவலிங்க சார்.”

“தலைவலிக்கு எந்திரிச்சு நின்னு கை குடுக்க முடியாதா?”

நான் தரையைப் பார்த்தேன். சார் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்திருந்தார். மறுபோட்டி நடந்தால் கம்பெனிக்குப் பெரிய விளம்பரம், ஸ்பான்சர்கள் தயாராக இருக்கிறார்கள். ஆனால் இந்தப் புகார் நிற்கும்வரை யாரும் வரமாட்டார்கள். “அந்தம்மா புகாரத் திரும்ப வாங்கலீன்னா, கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, நீயாத்தான் பண்ணுனேன்னு நான் சொல்லியாகணும். அப்புறம் உன்னை வெச்சுக்க முடியாது. புரியுதா?”

புரிந்தது.

திவாகர் சார் மெதுவாக, “வேற எதாச்சும் காரணம் இருந்தா சொல்லிடு கோகிலா” என்றார். எனக்கு அண்ணன் வயது. நல்லவர். அவர் நல்லவராக இருந்ததாலேயே சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தலைவலிதாங்க சார்.”

ஜூலை 13, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். டெம்போவில் படம் அப்படியே இருக்கிறது. டெம்போ ஸ்டாண்டில் யாரோ, “உம் பொண்ணு நல்லா நடிக்குதாமாப்பா, சினிமாவுக்கு அனுப்பு” என்றார்களாம். அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். அப்பா வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். படத்தைத் துணியால் துடைத்தார். “நீ என்ன கண்ணு பண்ணிருக்கப் போற” என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

அம்மாவிடம் மட்டும் சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. “அதையெல்லாம் போயி ஆம்பளைங்ககிட்டச் சொல்லுவாங்களா? தலைவலின்னே இரு” என்றாள். கொஞ்சம் கழித்து, “ரொம்ப வலிச்சுதா சாமி?” என்றாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பக்கத்துத் தெருவில் தேங்காய் சுட்டார்கள், மொட்டைமாடிவரை வாசம் வந்தது. என் அறைத்தோழி நஸ்ரின் ஜவுளிக்கடையில் இருக்கிறாள். ஆடித் தள்ளுபடி தொடங்கியதில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வந்தாள். வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள்.

நாளை பெனிட்டா மேடமும் நடுவரும் கம்பெனிக்கு வருகிறார்கள். நான் பதில் சொல்ல வேண்டும்.

“சொல்லித் தொலையேன்டி. பீரியட்ஸ் வந்துருச்சு, வலி உயிர் போச்சு, முகம் அப்படித்தான் போகும்னு. அவங்க வீட்ல எல்லாம் பொம்பளைங்களே இல்லியா?”

“உனக்குச் சொல்றது ஈசி.”

“எனக்கா?” என்று சிரித்தாள். “எங்க செக்சன்ல ஸ்டூல் போட்டுருக்காங்க. உக்காந்தா சூப்பர்வைசர் மொறைக்கிறான். இன்னைக்கு எனக்கு ரெண்டாவது நாள். அவன்கிட்டச் சொன்னேனாக்கும்?”

நான் அவள் வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன்.

“வெக்கப்பட வேண்டியது அந்த வேங்கைதான்” என்றாள் பிறகு. “வயித்து வலியே தெரியாம எதுக்கு அது ஜெயிக்குது?”

சிரித்துவிட்டேன். அவள் என் முகத்தைக் காட்டி, “இதுதான். இதுல ஒண்ணும் தெரியாதுன்னா சொன்னாங்க? எல்லாமே தெரியுதே” என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

பதினோரு மணிக்குக் கூட்டம். சார், திவாகர் சார், நடுவர், பெனிட்டா மேடம். மேடம் இன்றும் கறுப்புதான். எனக்கு எதிரே உட்கார்ந்தார், நடுவில் பலகை மட்டும் இல்லை.

நடுவர் வயதானவர், மரியாதையாகக் கேட்டார். நான் தலைவலி என்றேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை நாளா?” என்றார். “அன்னைக்கு மட்டுங்க.” “மாத்திரை போட்டியா?” “இல்லீங்க.” “நாலு மணி நேரம் தலைவலியோட மாத்திரை போடாம உக்காந்திருந்த. செரி.” அந்தச் ‘செரி’யில் ஒரு துளி நம்பிக்கைகூட இல்லை.

பத்து நிமிடம் டீ இடைவேளை விட்டார்கள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். கதவு திறந்தது. மேடம்.

பக்கத்துக் குழாயைத் திறந்து கை கழுவினார். கண்ணாடியில்தான் என்னைப் பார்த்தார்.

“பிள்ள, நான் உன் வேலையக் கெடுக்க வரல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். தலைவலிக்கு யாரும் மேசையப் பிடிக்க மாட்டாவ.”

நான் குழாயை மூடினேன். சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னது நினைவிருந்தது. ஆம்பளைங்ககிட்ட என்றுதான் சொன்னாள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அன்னைக்கு எனக்கு முதல் நாளுங்க மேடம்.”

அவர் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“எப்ப வந்துச்சு?”

“நீங்க யானைய நடுவுக்குக் கொண்டாந்தீங்கல்ல, அப்ப.”

“பதினெட்டாவது மூவு” என்றார் உடனே. பிறகு, “அப்போ இருந்தா? கடைசி வரைக்குமா?”

தலையாட்டினேன்.

“எந்திரிச்சுப் போக வேண்டியதுதான?”

“கை தூக்கணுங்க. மைக்குல சொல்லுவாங்க.”

“அடப் பாவி மக்கா” என்றார். என்னைச் சொல்லவில்லை. “எந்திரிச்சுக் கை குடுக்காததும்…?”

“சட்டை சந்தனக் கலருங்க.”

மேடம் சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பு நின்று, குழாயை இறுக்கி மூடினார். ஈரக் கையால் தன் கறுப்பு டாப்ஸைப் பிடித்துக் காட்டினார்.

“இது எதுக்குப் போடுதேன்னு நெனச்ச? ராசியாம்! பதினாலு வயசுல ஸ்டேட் டோர்னமென்ட்ல வெள்ளப் பாவாடையோட உக்காந்திருந்தேன். எல்லாரும் போன பெறவு எங்கம்மா சேலய மடிச்சுச் சுத்திக் கூட்டிட்டுப் போனா. அன்னையில இருந்து போட்டின்னா கறுப்புதான்.”

நான் அந்தக் கறுப்புத் துணியையே பார்த்தேன்.

“இத்தன வருசமா ஆடுதேன். எதுத்தாப்ல இருக்கவங்க மூச்சு விடுறத வச்சே அடுத்த மூவச் சொல்லிருவேன். இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிகூட ஆடும்போது ஒரு மூஞ்சி இல்லாமக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு. நாலு நாளா உன்னையே பாத்துட்டு இருந்தேன், ஒரு அசைவு இல்ல. அஞ்சாம் நாள் அசைஞ்சியா, எனக்கு அம்புட்டுச் சந்தோசம். உன் மூஞ்சில கண்ட வலி எனக்குத் தெரிஞ்ச வலிதான். அதப் போயி எண்ணு எறங்குனதுன்னு நெனச்சேன் பாரு. நான் தோத்தது சரிதான்.”

“நான் நடிக்கலீங்க மேடம்.”

“தெரியுது. பேப்பர்ல சொன்னது தப்பு. திருத்திச் சொல்லிருதேன்.”

கை நீட்டினார். இரண்டு பேர் கையும் ஈரம். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் இன்னும் நிமிர்ந்து நின்று கொடுத்தேன்.

அறைக்குத் திரும்பியதும் மேடம் உட்காரும் முன்பே சொன்னார்: “புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்.”

சார் தேநீர்க் கோப்பையை அந்தரத்தில் பிடித்தபடி, “அப்ப தலைவலின்னு ஒத்துக்கறீங்களா மேடம்?” என்றார்.

“மோசமான தலைவலி சார். எனக்கும் வரும்.”

நடுவர், “என் மகளுக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு” என்று அனுதாபத்தோடு சொன்னார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன். நிமிர்ந்திருந்தால் சிரித்திருப்பேன்.

மறுபோட்டி பேச்சு வந்தது. சாருக்கு ஒரே உற்சாகம். நானே வேங்கையின் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றார் மேடம். திவாகர் சார், “மறுபடியும் இவளா? நடுவுல ஒரு தடுப்பு வெச்சுடலாமே மேடம்” என்றார். “எதுக்கு? இந்த மூஞ்சி எனக்கு இப்பப் பழகிருச்சு. ஆனா சட்டை கறுப்பா இருக்கணும்.” ராசிதானே என்று சார் குறித்துக்கொண்டார். யார் எழுந்து போனாலும் மைக்கில் காரணம் சொல்லக் கூடாது என்றும் மேடம் கேட்டார். கவனம் சிதறுகிறதாம். நடுவர் ஒப்புக்கொண்டார்.

“அப்பத் தள்ளிப் போடக் கூடாதுங்க. ஜனங்க மறக்கறதுக்குள்ள வெச்சுடணும்” என்று சார் சுவரில் தொங்கிய காலண்டரைக் கையில் எடுத்தார். “ஆகஸ்ட் ரெண்டு, சனிக்கிழமை. அன்னைக்கு ஆரம்பிச்சா அஞ்சு நாள். ஹாலும் காலியா இருக்கு.”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாய் திறக்கவில்லை. நிச்சயமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மேடம் என் முகத்தைப் பார்த்தார்.

“ரெண்டாந்தேதி வேண்டாம் சார்” என்றார். “ஆடி போகட்டும்.”

திவாகர் சார் தயங்கி, “மேடம், நீங்க கிறிஸ்டியன்…” என்றார்.

“ஏன், எங்களுக்கு ஆடி வராதா?”

“கரெக்டுங்க மேடம், நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றார் சார் அவசரமாக. “ஆடியில போயி ஆரம்பிக்கறதாவது!” தாள்களைப் புரட்டினார். “ஆவணி ரெண்டு. ஆகஸ்ட் பதினெட்டு, திங்கள். எப்படிங்க?”

மேடம் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. எதுவோ தெரிந்திருக்கிறது.

“நல்ல நாள் சார்” என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

பேப்பரில் நாலு வரி வந்திருக்கிறது. ‘அந்த இளம்பெண்மீது எந்தத் தவறும் இல்லை. நான் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டேன். வருந்துகிறேன்.’ படம் இல்லை. அப்பா அதையும் லேமினேசன் போடப் போகிறாராம். “எழுத்து பொடிசா இருக்கு கண்ணு, பெருசு பண்ணிப் போடச் சொல்லிருக்கேன்.”

ஜூலை 31, வியாழன்

நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. நஸ்ரின் அரைக் கிலோ மைசூர்பா வாங்க வைத்துவிட்டாள். கறுப்புக் குர்த்தாவும் வந்துவிட்டது. தோள் சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் மாதவிலக்கு வந்தது. அரங்கத்தில் இன்று யாரோ கல்யாண வரவேற்பு வைத்திருக்கிறார்கள். நான் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு, போர்வைக்குள் சுருண்டு, முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தேன்.